போபாலின் இரண்டாம் கசிவு

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் கசிந்த நச்சுவாயுவை உலகம் அறியும். அதே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து, அதற்கு முன்பே தொடங்கி ஓசையின்றி மண்ணுக்குள் இறங்கிய மற்றொரு கசிவை அறிந்தோர் குறைவு.

பூச்சிக்கொல்லி தயாரித்த அவ்வாலையில் குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற கரைப்பான்கள் பயன்பட்டன. கழிவுகளில் ஒரு பகுதி வளாகத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டது. கழிவுநீர், 1977இல் ஆலைக்கு வடக்கே வெட்டிய ஆவியாக்கக் குட்டைகளுக்குச் சென்றது. நீர் வெயிலில் வற்றிவிடும், நஞ்சு அடியில் விரித்த நெகிழித்தாளின் மேல் தங்கிவிடும் என்பது கணக்கு. அக்கணக்கு பொய்த்ததை 1982இலேயே நிறுவனம் அறிந்திருந்தது. பின்னாளில் அமெரிக்க வழக்கில் வெளிவந்த அதன் உள் ஆவணங்கள் இதைக் காட்டின.

இக்கரைப்பான்கள் திறந்த பாத்திரத்தில் விரைந்து ஆவியாகிவிடும். ஆனால் நீரைவிட அடர்த்தி மிக்கவை என்பதால் நிலத்தில் கீழ்நோக்கி இறங்கும்; காற்றுப் படாத ஆழத்தில் பல பத்தாண்டுகள் நிலைக்கும். நீரோ தெளிவாகவே தோன்றும். எனவே காற்றுக்குமிழி ஒன்றும் இல்லாமல் நிரப்பி மூடிய புட்டியில் மாதிரி எடுத்து, ஆய்வகக் கருவியால் அளந்தாலன்றி அவற்றின் அளவு புலப்படாது. அடிகுழாய் நீரின் நாற்றத்தைப் பற்றி மக்கள் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். 1999இல் கிரீன்பீஸ் அமைப்பின் ஆய்வு அந்நீரில் இக்கரைப்பான்கள் இருப்பதை உறுதிசெய்தது.

இவற்றை நீக்கும் வழிகள் அப்போதே அறியப்பட்டவைதாம். நீரைச் சிதறவிட்டு எதிரே காற்றைச் செலுத்தினால் நஞ்சு காற்றோடு வெளியேறும். செறிவூட்டிய கரிப்படுகை எஞ்சியதை ஈர்த்துக்கொள்ளும். ஆனால் கரி நிறைவுற்றதும் மாற்ற வேண்டும். நீரை இடைவிடாது சோதிக்க வேண்டும். தெருவோர அடிகுழாய்க்கு இவை எட்டாதவை. அரசு குழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, குடிக்கத் தகாதது என எழுதிவைத்தது. வேறு நீர் இல்லாதோர் அதையே குடித்தனர்.

2004இல் உச்ச நீதிமன்றம் தூய குடிநீர் வழங்க ஆணையிட்டது. ஆணை நடைமுறைக்கு வரத் தாமதமாகவே, 2006இல் பாதிக்கப்பட்டோர் தில்லிவரை நடந்தே சென்றனர். அதன் பின்னரே கோலார் அணை நீர் குழாய்வழியாக அக்குடியிருப்புகளைப் படிப்படியாக எட்டியது. நீரிலிருந்து நஞ்சு நீக்கப்படவில்லை. நஞ்சான நீரிலிருந்து மக்கள் விலக்கப்பட்டனர்.

2025 ஜனவரியில், ஆலையில் மூட்டைகளாகக் கிடந்த ஏறத்தாழ 337 டன் கழிவு எரிப்பதற்காகப் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. போபாலின் நஞ்சு அகன்றதென்று செய்திகள் எழுதின. ஆனால் வளாகத்தில் மாசடைந்த மண் மட்டும் சுமார் 11 லட்சம் டன் என 2010இல் அரசு ஆய்வு நிறுவனங்கள் மதிப்பிட்டிருந்தன. ஒவ்வொரு பருவமழையும் அம்மண்ணின் ஊடாகவே நிலத்தடிக்கு இறங்குகிறது.