ஆவடியில் போட்ட தீர்மானம்

சென்ற வாரம் உலகப் போர்க்கால ராணுவக் கிடங்குகளோடு ஆவடியை நிறுத்தியிருந்தோம். போர் முடிந்து பத்து வருடம் கழித்து, 1955 ஜனவரியில், அதே ஆவடியில் பந்தல் போட்டு, அந்த இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரும் சூட்டி, காங்கிரஸ் கட்சி தன் 60-வது மாநாட்டை நடத்தியது. தலைமை வகித்தவர் யு.என்.தேபர். முந்தைய சில ஆண்டுகளாகப் பிரதமர் பதவியோடு கட்சித் தலைவர் பதவியையும் சேர்த்து வைத்திருந்த நேரு, அப்போதுதான் அதை தேபரிடம் ஒப்படைத்திருந்தார். பதவி கைமாறியதே தவிர, கூட்டம் வந்தது நேருவைப் பார்க்கத்தான். முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகாத காமராஜர் வரவேற்றார். நாட்டின் திட்டமிடல் சோஷலிச பாணி சமுதாயத்தை நோக்கிப் போகவேண்டும், முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும், தேசத்தின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படவேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. அன்று தொடங்கிய ஒரு வாதம் நேரு மறைந்த பிறகும் ஓயவில்லை. ‘மக்கள் மூன்று பொதுத்தேர்தலில் அவரைத்தானே தேர்ந்தெடுத்தார்கள்’ என்பது ஒரு தரப்பு. ‘சொன்னதைச் செய்யவில்லையே, அந்தச் செல்வாக்கு வெறும் கவர்ச்சிதானே’ என்பது மறுதரப்பு. செல்வாக்கு ஒரு தனிக் கணக்கு, சீர்திருத்தம் இன்னொரு தனிக் கணக்கு என்று இருவருமே எண்ணிக்கொண்டதுதான் கோளாறு. நேருவுக்கு ஓட்டு எந்த வழியாக வந்ததோ, அதே வழியில்தான் ஆவடித் தீர்மானம் மாட்டிக்கொண்டது.

முதல் சண்டை தீர்மானத்தின் தேதியைப் பற்றியது. மாநாடு முடிந்த அடுத்த மாதமே ஆந்திரத்தில் சட்டமன்றத் தேர்தல். சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத அந்த மாநிலத்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிடுவார்கள் என்று டெல்லியே அஞ்சிக்கொண்டிருந்தது. அதனால்தான் ஆவடியில் அவசரமாகச் சிவப்புச் சாயம் பூசினார்கள் என்று எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். குடியரசு தினத்தை ஒட்டி மாஸ்கோவின் பிராவ்தா நேரு அரசைப் பாராட்டி எழுத, அதையே அச்சடித்து ஆந்திர கிராமங்களில் காங்கிரஸ்காரர்கள் விநியோகித்ததும் நடந்தது. 196 இடங்களில் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 15. ஆனால் வாக்குகளில் அவர்கள் பங்கு 31 சதவீதம். ஆக, தீர்மானம் தேர்தலுக்கு உதவியது உண்மை. தேர்தலுக்காகவே பிறந்தது என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை. சோஷலிச பாணி சமுதாயமே பொருளாதாரக் கொள்கையின் இலக்கு என்று 1954 டிசம்பரிலேயே மக்களவை ஏற்றுக்கொண்டிருந்தது. ஆவடியில் கட்சி அதற்குத் தன் முத்திரையை வைத்தது, அவ்வளவே. அந்த முத்திரையால் அதிகம் கலங்கியது சோஷலிஸ்டுகள்தான். காங்கிரஸே நம் பாட்டைப் பாடும்போது ஒத்துழைக்கலாமா கூடாதா என்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் உள்சண்டை முற்றி, 1955 முடிவதற்குள் ராம் மனோகர் லோகியா தனிக்கட்சி கண்டார்.

சொன்னதில் எது நடந்தது? இம்பீரியல் வங்கி அதே ஆண்டு ஜூலையில் ஸ்டேட் வங்கி ஆனது. 1956-ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. புதிய தொழிற்கொள்கை வந்தது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலைத் தூக்கிப்பிடித்தது. இதன் பலனை சென்னையின் மேற்குப் புறநகர் மற்றவர்களைவிட முன்னதாகவே பார்த்தது. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965 இறுதியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது, பின்னால் டன்லப் டயர் வந்தது, 1964-ல் தொழிற்பேட்டை எழுந்தது. சமூக உடைமை பேசிய மாநாட்டுப் பந்தலுக்குப் பக்கத்திலேயே தனியார் முதலாளிகள் செழித்தார்கள் என்று இடதுசாரிகள் கேலி பேசுவதற்கு இடமிருந்தது. ஆனாலும் நெல்லும் ஏரிப்பாசனமுமாக இருந்த இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் சங்குச் சத்தத்துக்குக் கிளம்பும் மாதச் சம்பளக்காரர்கள் உருவானது இந்த ஆண்டுகளில்தான். அதோடு 1956-ல் தொடங்கிய மதிய உணவையும் ஊர் ஊராகத் திறந்த பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால், ‘ஒன்றுமே செய்யவில்லை’ என்ற வாதம் நிற்காது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். இவை எல்லாம் அரசு தன் கஜானாவிலிருந்து கொடுத்தவை, அல்லது டெல்லியில் ஒரு கையெழுத்தில் முடிந்தவை. கிராமத்தில் செல்வாக்குள்ள ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குத் தரவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நிலம். அது அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருந்தது. நில உச்சவரம்பு பற்றிய பேச்சு முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலேயே உண்டு. 1959 ஜனவரியில் நாக்பூர் மாநாடு, அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா மாநிலங்களும் சட்டத்தை முடிக்கவேண்டும் என்று கெடு வைத்தது. சென்னை மாநிலத்தின் உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961-ல். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், கூடுதலாக ஒவ்வொருவருக்கும் 5 ஏக்கர், மொத்தத்தில் 60-க்கு மேல் கூடாது. தோப்புக்கும் கரும்புக்கும் அறக்கட்டளைக்கும் விலக்கு. கணக்குப் பார்க்கவேண்டிய தேதி 1960 ஏப்ரல் 6. அதாவது, ஆவடிப் பந்தலைப் பிரித்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் மிராசுதாருக்கு அவகாசம். மகன் பெயர், மருமகன் பெயர், கோயில் பெயர், பண்ணையில் வேலை செய்த நம்பிக்கையான ஆள் பெயர் என்று பத்திரம் எழுதிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? வருவாய்த்துறை நோட்டீஸ் வரும்போது காகிதத்தில் உபரி நிலம் கரைந்துபோயிருந்தது. குத்தகையில் மட்டும் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. சாகுபடியாளரை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று 1955-ல் ஒரு சட்டம்; நன்செயில் நிலக்காரர் பங்கு விளைச்சலில் நூற்றுக்கு 40-க்கு மேல் போகக்கூடாது என்று 1956-ல் ஒரு சட்டம். (தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புக்கு முதல் சட்டம் போட்டவர், பின்னாளில் சோஷலிசத்தின் பரம எதிரியான ராஜாஜிதான், 1952-ல். கட்சி முத்திரையை வைத்து மட்டும் மனிதர்களை எடைபோட முடியாது.)

‘நீதிமன்றம் தடுத்தது, நேரு என்ன செய்வார்?’ என்பது காங்கிரஸ் ஆதரவாளர்கள் சொல்லும் வலுவான மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. சென்னையின் உச்சவரம்புச் சட்டத்தையே 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் 17-வது அரசியல் சட்டத் திருத்தம் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் வைத்து உயிர்கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த அட்டவணையே 1951-ல் நேரு அரசு உண்டாக்கியதுதான். நாடாளுமன்றத்தில் அசுர பலத்தோடு இருந்த கட்சிக்கு நீதிமன்றத் தடை சில மாதத் தாமதம்தான். 1955-க்கும் 1961-க்கும் நடுவே போன ஆறு வருடத்துக்கு எந்த நீதிபதியும் காரணமில்லை. காரணம் சட்டமன்றத்திலும் மாவட்டக் கமிட்டிகளிலும் உட்கார்ந்திருந்தது. கிராமத்தில் ஓட்டுச் சேர்த்துத் தந்தவர் யார்? குத்தகைக்கு நிலம் விட்டவர், நெல் கடன் கொடுத்தவர், ஜில்லா போர்டில் செல்வாக்குள்ளவர். நேருவின் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவரே, நேருவின் சட்டத்தால் நிலம் இழக்கவேண்டியவரும் அவரே. தன்னை ஜெயிக்க வைத்தவரின் பட்டாவில் கைவைக்க எந்தக் கட்சியும் அவசரப்படாது.

எதிர்த்தரப்பும் இதே தவறைத் தலைகீழாகச் செய்தது. 1963 ஆகஸ்டில், நேரு அரசின் மீது வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில், 27 கோடி இந்தியர்கள் நாளொன்றுக்கு மூன்றணாவில் பிழைக்கிறார்கள் என்றார் லோகியா. இல்லை, பதினைந்தணா என்றார் நேரு. ஆவடியில் வாக்களித்த நியாயமான பங்கீடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைப் பற்றி அவையில் நடந்த மிக நேர்மையான சண்டை அதுதான். தீர்மானம் 62-க்கு எதிராக 347 வாக்குகளில் தோற்றது. பங்கீடு எப்படி என்று கேட்டதற்கு ஆளுங்கட்சி கைகளை எண்ணிக் காட்டியது. மூன்றணா உண்மை என்பதாலேயே நேருவின் செல்வாக்கு பொய் என்று எதிர்க்கட்சி முடிவு கட்டியது. நாட்டில் காங்கிரஸ் வாங்கிய வாக்கு 1957-ல் சுமார் 48 சதவீதம், 1962-ல் சுமார் 45. பாதியைத் தாண்டியதே இல்லை. அதேசமயம் அடுத்த கட்சி கண்ணுக்கெட்டிய தூரத்திலும் இல்லை. இரண்டுமே உண்மை.

‘இங்கே காமராஜர் ஆட்சி, மற்ற மாநிலங்களைப் போல அல்ல’ என்று இன்னொரு மறுப்பும் வரும். நேருவிடம் பெரிய ஒட்டுதல் இல்லாத பெரியாரே பச்சைத் தமிழர் என்று அவரைத் தாங்கினார். காமராஜரின் எளிமையிலோ கல்விப் பணியிலோ குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. 1964-ல் அகில இந்தியத் தலைவராக அவர் நடத்திய புவனேஸ்வர் மாநாடு ‘ஜனநாயக சோஷலிசம்’ என்று ஆவடியின் குரலை இன்னும் உயர்த்தவும் செய்தது. மூன்று வருடம் கழித்து விருதுநகரில் அவரே 1,285 வாக்குகளில் தோற்றார். அந்த 1967 தேர்தலில் தி.மு.க.வின் மேடையை நினைத்துப் பாருங்கள். அரசு எதிலும் அளவுக்கு மீறித் தலையிடுகிறது, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்ஜியம் நடத்துகிறது என்ற ராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஒருபக்கம். நிலத்தில் தலையிடவே இல்லை என்ற மார்க்சிஸ்டுகள் மறுபக்கம். சீர்திருத்தம் அதிகம் என்பவரும் போதாது என்பவரும் ஒரே கூட்டணியில். இடங்களில் 137-க்கு 51 என்று காங்கிரஸ் நொறுங்கியது. வாக்குகளிலோ இரு கட்சியும் ஏறக்குறைய 41 சதவீதம். காங்கிரஸ் ஒரு மயிரிழை அதிகம். நேரு, காமராஜர் செல்வாக்கு ஒரே இரவில் ஆவியானதாக எழுதுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. ஓட்டு பெரும்பாலும் அங்கேயே இருந்தது. எதிரே சிதறிக் கிடந்தது ஒன்று சேர்ந்துவிட்டது. சேர்த்த பசை அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும். ஆவடித் தீர்மானம் நிறைவேறாதது அல்ல.

ஆட்சி மாறியதால் நிலத்தின் கதை உடனே மாறிவிடவில்லை. கூலி கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டபோது அண்ணா முதலமைச்சர். உச்சவரம்பை 30-லிருந்து 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது கருணாநிதி அரசு, 1970-ல். சத்தியமூர்த்தி நகரில் தீர்மானம் போட்டு அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கதை அடுத்த இதழில்.