தொண்டுக்கு வந்த சிறுவர்

மிதிவண்டியில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனின் உருவம் 1900-ஆம் ஆண்டிலே ஒரு தபால் தலையில் அச்சாயிற்று. தென்னாப்பிரிக்காவில் போயர் படைகளால் முற்றுகையிடப்பட்ட மாஃபெகிங் என்னும் சிற்றூரில் வெளியான தபால் தலை அது. சிறுவன் பெயர் வார்னர் குட்இயர், வயது பதின்மூன்றே. அவ்வூர்ச் சிறுவர் படைக்கு அவன் தலைவன். முற்றுகை நீடித்த 217 நாள்களும் அச்சிறுவர்கள் செய்தி சுமந்தனர், காவல் பார்த்தனர், பெரியவர்களுக்கு ஏவல் செய்தனர். முதலில் அவர்கள் கழுதை ஏறிச் சென்றனர் என்றும், உணவு குறைந்து கழுதைகள் அடுக்களைக்குப் போனபின் மிதிவண்டிக்கு மாறினர் என்றும் கூறுவர்.

மாணவ நண்பர்களே, சாரண இயக்கத்தின் வரலாறு சொல்வோர் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவர். ஆனால் அதே ஊரில் பரோலாங் குலத்தார் முதலிய ஆப்பிரிக்க மக்களும் இருந்தனர். அவர்களும் ஊரைக் காத்தனர். உணவுப் பங்கீட்டில் அவர்கள் பங்கு இழிவாயிற்று. பலர் பசியால் மாண்டனர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அங்கிருந்த சாலமன் பிளாட்ஜே என்ற இளைஞர் எழுதி வைத்த நாட்குறிப்பு 1973-இல் அச்சேறிற்று. தபால் தலையையும் அந்நாட்குறிப்பையும் சேர்த்துப் படிப்பதே முறை என்பது என் கருத்து.

முற்றுகையின்போது ஊரைக் காத்த தளபதி பேடன் பவல். இங்கிலாந்து திரும்பிய அவருக்கு வேறொரு துணை கிட்டிற்று. கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் என்பவர் ஞாயிறு பள்ளி ஆசிரியராயிருந்தார். துடிப்புமிக்க பிள்ளைகளை வேத பாடத்தில் உட்கார வைப்பது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியராயிருந்தோர் நன்கறிவர்! ஸ்மித் 1883-இல் ஒரு திருச்சபைக் கூடத்திலேயே அணிவகுப்பும் பயிற்சியும் சேர்த்து ‘பாய்ஸ் பிரிகேட்’ என்னும் சிறுவர் அணியைத் தொடங்கினார். படைவீரருக்கென எழுதிய வேவு நூலைச் சிறுவர்க்கு ஏற்ப மாற்றுமாறு பேடன் பவலைத் தூண்டியவரும் அவரே. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் நடந்த சோதனை முகாமில் செல்வர் பள்ளிப் பிள்ளைகளும், பாய்ஸ் பிரிகேட்டைச் சேர்ந்த உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் உறங்கினர். அக்கால இங்கிலாந்தில் அது சிறிய செய்தியன்று. மறு ஆண்டு நூல் வெளிவந்தது. நாள்தோறும் ஒரு நற்செயல் என்ற பழக்கம் பள்ளிதோறும் பரவியது.

வகுப்பு வேற்றுமையைக் கடந்த அந்த இயக்கம், நிற வேற்றுமையின் முன் நின்றுவிட்டது. 1909-இல் பெங்களூரில் சாரணர் குழு தோன்றியபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே உரியதாயிருந்தது. இந்தியப் பிள்ளைகள் சாரணராதல் ஆட்சியாளருக்கு உவப்பாயில்லை. கட்டுப்பாடும் தன்னம்பிக்கையும் பழகிய இளைஞன் நாளை என்ன கேட்பானோ என்ற அச்சமே காரணம் என்று கொள்ள இடமுண்டு.

அடைத்த கதவைத் தட்டிக்கொண்டிராமல் இந்தியர் தனி வழி கண்டனர். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு, சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் அமைத்தார். அப்பிள்ளைகள் தலைப்பாகை அணிந்தனர். இந்திய மொழிப் பாடல்களைப் பாடினர். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாயி ஆகியோர் சேவா சமிதிச் சாரணரை வளர்த்தனர். திருவிழாக் கூட்டங்களில் யாத்திரிகருக்கு உதவுவது இவர்தம் பெரும்பணி. கூட்டத்தில் கை நழுவிய குழந்தையைத் தாயிடம் சேர்ப்பவன் சீருடை அணிந்த ஒரு பள்ளி மாணவன் என்று எண்ணிப் பாருங்கள். மக்கள் உள்ளத்தில் அவனுக்குக் கிடைக்கும் இடம் எந்த ஆணையாலும் வருவதன்று.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் பொது இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதியினர் இணையவில்லை. பிளவு நீண்டது. விடுதலைக்குப் பின்னரே, 1950 நவம்பர் 7-ஆம் நாள், ‘பாரத சாரணர் சாரணியர்’ என ஓரமைப்பு உருவாயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டு 15-இல் சாரணியர் சங்கமும் அதில் சேர்ந்தது. பெண்கள் அதுவரை தனியே நடத்திவந்த பணி அன்று முதல் பொதுப் பெயரில் இடம் பெற்றது.