பேஜட் எலும்பு நோய்

பேஜட் நோய் என்பது எலும்பின் புதுப்பிப்பு வேலை தடம்புரளும் நாட்பட்ட நோய். 50 வயதைத் தாண்டியவர்களிடமே பெரும்பாலும் காணப்படும். பழைய எலும்பை அரிக்கும் அணுக்களும் புதியதை நிரப்பும் அணுக்களும் வாழ்நாள் முழுதும் நமக்குள் உழைக்கின்றன. இந்நோயில் அரிக்கும் அணுக்கள் பெருத்து வேகமெடுக்க, நிரப்பும் அணுக்கள் அவசரத்தில் தாறுமாறாக அடுக்கிவிடுகின்றன. எலும்பு பருக்கிறது, வலுவோ குறைகிறது. எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புமெலிவு நோய் உடல் முழுதையும் பாதிக்கும். பேஜட் நோயோ அப்படியல்ல; இடுப்பு, முதுகெலும்பு, மண்டையோடு, தொடை என்று சில இடங்களில் மட்டும் தங்கும்.

ஆங்கிலேய அறுவை மருத்துவர் சர் ஜேம்ஸ் பேஜட் (1814–1899), ஒரு நோயாளியை ஏறக்குறைய 20 ஆண்டுகள் கவனித்து 1877இல் இதை விவரித்தார். அம்மனிதருக்குக் கால்கள் வளைந்தன. தலை பருத்ததால் தொப்பியையும் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. கடைசியில் எலும்புப் புற்றில் இறந்தார். அப்படிப் புற்றாக மாறுவது 100இல் ஒருவருக்கும் குறைவே.

பிரிட்டனிலும், அங்கிருந்து போனவர்கள் குடியேறிய ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் இது மிகுதி. சில குடும்பங்களில் எஸ்க்யூஎஸ்டிஎம்1 மரபணுப் பிறழ்வு காரணமாகிறது. ஆசியாவில் அரிது.

மலேசியாவின் ஜொகூரிலும் அரிதுதான், சிக்கலே அதனால்தான். குளுவாங், சிகாமட் தோட்டங்களில் பால்மரம் சீவி ஓய்ந்த ஒரு முதியவர் இடுப்பு வலியென்று அரசு கிளினிக்கில் போய் உட்கார்ந்தால், தேய்மானம் என்ற எண்ணமே முதலில் எழும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். பேஜட் நோயோ வலியே இல்லாமலும் கிடக்கும். வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் அல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் ஏறியிருப்பதே பல நேரம் முதல் துப்பு. இந்த நொதி கல்லீரலிலும் உருவாவதால் பழி அங்கே போய்விடும். கல்லீரலைக் காட்டும் மற்றொரு நொதியான ஜிஜிடி அளவு இயல்பாக இருந்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும்; எக்ஸ்ரே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று எலும்பில் பரவியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அரிய நோயைத் தேடும் ஆர்வத்தில் புற்றைக் கோட்டைவிடுவது பெருங்கேடு.

வலி தரும் நோய்க்கு இன்றைய முதன்மை மருந்து சோலெட்ரானிக் அமிலம். 5 மில்லிகிராம் ஒருமுறை சிரையில் ஏற்றினால், பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும். அதற்குமுன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் சோதிப்பது அவசியம். மருந்து வலியைக் குறைக்கும். வளைந்த காலை நிமிர்த்தாது, மண்டையோட்டு எலும்பு பருத்ததால் இழந்த கேட்கும் திறனையும் திருப்பித் தராது.