இருவரைத் தேர்ந்தவர் யார்?

1968ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு கூடியிருந்தது. அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய, மாநிலங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன. பென்சில்வேனியாவின் முறை வந்தது. அம்மாநிலப் பிரதிநிதிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குகளைத் துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ப்ரிக்கு அளித்தனர். வேண்டிய பெரும்பான்மை அத்துடன் நிறைந்தது, ஹம்ப்ரி வேட்பாளரானார்.

ஆனால் அதே பென்சில்வேனியாவில், நான்கு திங்களுக்கு முன்னர் நடந்த கட்சியின் முன்தேர்தலில், நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றவர் செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி. மக்கள் ஒருவர் பெயரைச் சொன்னார்கள். மக்களின் பேரால் வந்தவர்கள் வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். அந்த இரவிலேயே, மாநாட்டு அரங்கிலிருந்து சில மைல் தொலைவில், மிச்சிகன் பெருவீதியில் போரை எதிர்த்து நின்ற இளைஞர்கள் மீது காவலரின் தடிகள் விழுந்துகொண்டிருந்தன. தொலைக்காட்சி இரு காட்சிகளையும் மாறி மாறி நாட்டுக்குக் காட்டியது.

இருவரில் ஒருவரைத் தேர்வது ஓர் உரிமை. அந்த இருவர் யாவர் என்று முடிவு செய்வது மற்றோர் உரிமை. முன்னதை மட்டும் மக்களுக்குக் கொடுத்துப் பின்னதைச் சிலர் தம் கையில் வைத்துக்கொண்டால், பந்தலும் போட்டு, விருந்தும் சமைத்து, மாப்பிள்ளையையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை? அமெரிக்க வரலாற்றில் வாக்காளரின் மனக்குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறந்திருக்கிறது.

முதல் கசப்பு

1787ஆம் ஆண்டு வரையப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சி என்ற சொல்லே இல்லை. ஆயினும் சட்டத்தின் மை உலர்ந்து சில ஆண்டுகளுக்குள் கட்சிகள் முளைத்துவிட்டன. ஒரு கட்சியைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் தலைநகரில் கூடிப் பேசித் தம் ஜனாதிபதி வேட்பாளரை அறிவிப்பது வழக்கமாயிற்று. இந்தக் கூட்டத்தை மக்கள் ‘அரசன் காக்கஸ்’ என்று ஏளனமாக அழைத்தனர். அரசனை விரட்டிய நாட்டில் மறுபடியும் ஓர் அரசனா என்பது அந்த ஏளனத்தின் பொருள்.

1824இல் அக்கூட்டத்திற்கு வந்தவர்கள் எழுபது பேருக்கும் குறைவு. அவர்கள் கருவூலச் செயலாளர் வில்லியம் கிராஃபோர்டைத் தேர்ந்தனர். நாடு அதை மதிக்கவில்லை. வேறு மூவரும் களத்தில் நின்றனர். தேர்வாளர் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99, ஜான் குவின்சி ஆடம்ஸ் 84, கிராஃபோர்டு 41, ஹென்றி கிளே 37 என்று முடிவு வந்தது. எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் பிரதிநிதிகள் சபை கூடி ஆடம்ஸை ஜனாதிபதியாக்கியது. அவருக்குத் துணை நின்ற கிளே, பின்னர் அவருடைய அரசிலேயே வெளியுறவுச் செயலாளரானார். ‘இஃது ஊழல் பேரம்’ என்று ஜாக்சனின் ஆதரவாளர்கள் நான்கு ஆண்டுகள் முழங்கினர். 1828இல் ஜாக்சன் பெருவெற்றி பெற்றார். காக்கஸ் முறை மாண்டது.

அதன் இடத்தில் 1830களில் தேசிய மாநாடு வந்தது. நாடெங்கிலுமிருந்து பிரதிநிதிகள் கூடித் தேர்வார்கள். இனி மக்களின் குரல் கேட்கும் என்றனர். காலப்போக்கில் அந்தப் பிரதிநிதிகளை அனுப்பும் அதிகாரம் மாநிலத் தலைவர்களிடமும், நகரங்களை ஆண்ட கட்சிப் பெருந்தனக்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தது. பூட்டு மாறியது, சாவி மட்டும் மக்களிடம் வரவில்லை.

1912ஆம் ஆண்டு அதை மெய்ப்பித்தது. அப்போது சில மாநிலங்களில் முன்தேர்தல் முறை புதிதாய் வந்திருந்தது. கட்சியின் வாக்காளர்களே தமக்கு வேண்டிய வேட்பாளரைச் சுட்டும் முறை அது. குடியரசுக் கட்சியின் முன்தேர்தல்களில் முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பெரும்பாலானவற்றை வென்றார். ஆனால் மாநாடு அன்றைய ஜனாதிபதி டாஃப்டையே மீண்டும் தேர்ந்தது. அந்த மாநாடு நடந்ததும் சிகாகோவில்தான். ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். தேர்தலில் டாஃப்டைவிட மிகுதியான வாக்குகளை அவர் பெற்றார். டாஃப்டுக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள் எட்டே எட்டு. எனினும் வென்றவர் இருவரும் அல்லர். நூற்றுக்கு 42 வாக்குகளைக்கூட எட்டாத ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் ஜனாதிபதியானார்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் உணர வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் போகின்றன. நாடெங்கும் பரவலாக ஆதரவு பெற்று எங்கும் முதலிடம் பெறாதவருக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. 1992இல் தொழிலதிபர் ராஸ் பெரோ நூற்றுக்கு 19 வாக்குகளை, அதாவது ஏறத்தாழ இரண்டு கோடி வாக்குகளைப் பெற்றார். அவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்கு ஒன்றுமில்லை. ஆகவே இரு கட்சிகளின் வேட்பாளர்களையும் விரும்பாதவனுக்கு மூன்றாவது வாசல் ஒன்று உண்டு. அது மாளிகைக்குள் திறப்பதில்லை.

போரும் வாக்கும்

மீண்டும் 1968க்கு வருவோம். வியட்நாமில் அப்போது ஐந்து இலட்சம் அமெரிக்கப் படையினர் இருந்தனர். போர் முடியப் போகிறது என்று அரசு கூறிவந்த வேளையில், ஜனவரி இறுதியில் வியட்நாமின் நகரங்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் தாக்குதல் மூண்டது. அரசின் சொல்லில் மக்களுக்கு இருந்த நம்பிக்கை தகர்ந்தது.

ஜனாதிபதி லிண்டன் ஜான்சனை அவருடைய கட்சிக்குள்ளேயே எதிர்த்து நிற்க முன்வந்தவர் மின்னசோட்டாவின் யூஜீன் மெக்கார்த்தி. (கம்யூனிஸ்டு வேட்டைக்குப் பேர்போன ஜோசப் மெக்கார்த்தி வேறு, இவர் வேறு.) கல்லூரி மாணவர்கள் நீண்ட முடியையும் தாடியையும் மழித்துக்கொண்டு, நியூ ஹாம்ப்ஷயரின் பனியில் வீடு வீடாய்ச் சென்று அவருக்காக வாக்குக் கேட்டனர். மார்ச் 12ஆம் நாள் முன்தேர்தலில் மெக்கார்த்திக்கு 42 விழுக்காடும் ஜான்சனுக்கு 49 விழுக்காடும் கிடைத்தன. கணக்கில் வென்றவர் ஜான்சன். கருத்தில் தோற்றவரும் அவரே. மார்ச் 31ஆம் நாள் இரவு, தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று நாட்டுக்கு அறிவித்தார்.

மெக்கார்த்திக்கு வாக்களித்தோர் அனைவரும் சமாதானம் விரும்பியவர் அல்லர் என்பதைப் பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். போரை இன்னும் கடுமையாக நடத்தவில்லையே என்று சினந்தவர்களும் அவர்களில் மிகுதியாக இருந்தனர். ‘இவர் வேண்டாம்’ என்பதில் ஒன்றுபடுவோர் ‘எவர் வேண்டும்’ என்பதில் ஒன்றுபடுவதில்லை. அதிருப்தியின் வலிமையும் அதுவே, வலுவின்மையும் அதுவே.

பின்னர் நிகழ்ந்தவை துயரம் மிக்கவை. ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். முன்தேர்தல் களத்தில் குதித்திருந்த ராபர்ட் கென்னடி, கலிபோர்னியாவில் வெற்றி பெற்ற இரவிலேயே சுடப்பட்டு ஜூன் 6ஆம் நாள் இறந்தார். ஹம்ப்ரியோ ஒரு முன்தேர்தலிலும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அக்காலத்தில் சுமார் பதினைந்து மாநிலங்களில் மட்டுமே முன்தேர்தல் நடந்தது. மாநாட்டுப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல், 1968 பிறப்பதற்கு முன்னரே நடந்த ஏற்பாடுகளால் தேர்வாகியிருந்தனர் என்று பிற்பாடு கட்சியின் குழுவே கூறியது. போரைப் பற்றிய தீர்ப்பைச் சொல்ல வேண்டிய ஆண்டில், அந்தத் தீர்ப்பாளர்கள் அதற்கு முன்பே நியமிக்கப்பட்டுவிட்டனர்.

ஹம்ப்ரி தீயவர் அல்லர். கறுப்பின மக்களின் உரிமைக்காக 1948 மாநாட்டிலேயே துணிந்து முழங்கியவர். ஆயினும் ஜான்சனின் துணைவராக இருந்த காரணத்தால் போரின் பழி அவர் தோளிலும் ஏறியது. மறுபுறம் குடியரசுக் கட்சி ரிச்சர்டு நிக்சனை நிறுத்தியது. இவ்விரு கட்சிகளுக்கும் இடையே பத்துக் காசு வேற்றுமையும் இல்லை என்று கூறிக்கொண்டு, இனப் பிரிவினையை ஆதரித்த அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் மூன்றாவதாக நின்றார். நல்லோரின் மனக்குறையை நல்லோரே அறுவடை செய்வர் என்ற உறுதி இல்லை. வாலஸ் ஏறத்தாழ 99 இலட்சம் வாக்குகளைப் பெற்றுத் தெற்கே ஐந்து மாநிலங்களை வென்றார்.

முடிவில் நிக்சனுக்கு 43.4 விழுக்காடு, ஹம்ப்ரிக்கு 42.7 விழுக்காடு. வேற்றுமை சுமார் ஐந்து இலட்சம் வாக்குகள். ஏழு கோடிக்கு மேற்பட்டோர் வாக்களித்த தேர்தலில் இது மிகச் சிறிது. சிகாகோவில் மனம் கசந்து வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் வந்திருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. நிக்சன் பதவியேற்ற பின் போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. அந்நாட்களில் மட்டும் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். வியட்நாமியர் மாண்டது அதைப் பன்மடங்கு விஞ்சும்.

சீர்திருத்தமும் எஞ்சிய குறையும்

எனினும் அந்தக் கசப்பு வீண்போகவில்லை. சிகாகோ மாநாடு நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தின் விளைவாகவே, செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பிரதிநிதிகளைத் தேர்தல் ஆண்டிலேயே, அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, கட்சியினர் அனைவரும் பங்குபெறத்தக்க முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது விதித்தது. மாநிலங்கள் பலவும் முன்தேர்தலை மேற்கொண்டன. குடியரசுக் கட்சியும் அதே வழியில் வந்தது. 1972 மாநாட்டில், நான்கு ஆண்டுகளுக்கு முன் சிகாகோவைத் தம் பிடியில் வைத்திருந்த மேயர் டேலியின் பிரதிநிதிகளுக்கே இருக்கை மறுக்கப்பட்டது.

அம்மாநாடு வேட்பாளராகத் தேர்ந்தது மெக்கவர்னையே. ஆனால் தேர்தலில் அவர் 49 மாநிலங்களில் தோற்றார். கட்சி ஆர்வலர்கள் விரும்பும் வேட்பாளரைப் பொதுமக்கள் விரும்புவர் என்பதற்கு உறுதி இல்லை என்பது புதிய பாடமாயிற்று. சாவி இப்போது மக்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் கதவைத் திறக்க வருவோர் சிலரே. 2016இல் இரு கட்சிகளின் முன்தேர்தல்களிலும் வாக்களித்தோர், தகுதியுடையோரில் பத்தில் மூவருக்கும் குறைவு. அவர்கள் தேர்ந்த டொனால்டு டிரம்ப், ஹிலாரி கிளின்டன் ஆகிய இருவரைப் போல் மக்களின் வெறுப்புக்கு ஆளான வேட்பாளர் இணையைக் கருத்துக் கணிப்பின் வரலாறு அதுவரை கண்டதில்லை.

ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்

2024ஆம் ஆண்டு பழைய காட்சி புதிய வேடத்தில் திரும்பிற்று. காஸாவில் பல்லாயிரவர் மாண்டுகொண்டிருக்க, இஸ்ரேலுக்கு ஆயுதம் வழங்கிவந்த ஜனாதிபதி ஜோ பைடனை எதிர்க்க, கட்சிக்குள் வலுவான மாற்று வேட்பாளர் எவரும் இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் முன்தேர்தல் வாக்குச் சீட்டில் ‘எவருக்கும் கட்டுப்படாதோர்’ என்றொரு கட்டம் உண்டு. பிப்ரவரி 27ஆம் நாள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் குறியிட்டனர். அரபு வழியினரான முஸ்லிம்கள் நிறைந்து வாழும் டியர்பார்ன் நகரில், பைடன் பெற்றதைவிட அக்கட்டம் பெற்ற வாக்குகளே மிகுதி.

பின்னர் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் தடுமாறிய பைடன், ஜூலை 21ஆம் நாள் போட்டியிலிருந்து விலகினார். துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸைப் பிரதிநிதிகள் வேட்பாளராக்கினர். ஹம்ப்ரியைப் போலவே அவரும் அவ்வாண்டு ஒரு முன்தேர்தலையும் சந்திக்கவில்லை. மாநாடு மீண்டும் சிகாகோவில் கூடியது. பாலஸ்தீன வழிவந்த ஒருவருக்கு மேடையில் சில நிமிடம் தாருங்கள் என்ற வேண்டுகோள் மறுக்கப்பட்டது. நவம்பரில் டியர்பார்னில் முதலிடம் பெற்றவர் டிரம்ப், ஹாரிஸ் இரண்டாமவர், மூன்றாவதாக நின்ற ஜில் ஸ்டைனுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாக்குகள். மிச்சிகன் முழுவதையும் சுமார் 80,000 வாக்கு வேற்றுமையில் டிரம்ப் வென்றார்.

உறவினரைக் காஸாவிலும் லெபனானிலும் இழந்துகொண்டிருந்த அவ்வூர்க் குடும்பத்தார் வாக்குச் சாவடியில் நின்றபோது, எந்தக் கட்டத்தில் குறியிட்டாலும் நெஞ்சு உறுத்தியிருக்கும். ‘குறைந்த தீமையைத் தேர்ந்திருக்க வேண்டும்’ என்று சிலர் அவர்களைக் குறை கூறினர். ‘தீமைக்குக் கை தூக்கமாட்டோம்’ என்று அவர்களில் பலர் மறுமொழி கூறினர். 1968இல் நடந்த வழக்கும் இதுவே. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நவம்பர் மாதத்தில் அந்த வழக்குக்குத் தீர்வு காண முடிவதில்லை. ஏனெனில் அதற்குள் கேள்வியை வேறு யாரோ எழுதி முடித்துவிடுகிறார்கள்.

வரலாறு காட்டுவது இதைத்தான். வாக்காளரின் அதிருப்தி 1824இல் காக்கஸை வீழ்த்தியது. 1968இல் தலைவர்களின் பிடியைத் தளர்த்தியது. தேர்தலன்று வீட்டில் இருந்துவிட்டதனால் மட்டும் விதிகள் மாறவில்லை. தேர்தல் முடிந்து ஆரவாரம் அடங்கிய பின், எவரும் கவனியாத குழுக் கூட்டங்களில் பொறுமையாய் அமர்ந்து விதிகளைத் திருத்தியவர்கள்தாம் அவற்றை மாற்றினர். சீட்டில் இருக்கும் இரு பெயர்களைப் பார்த்து வருந்துகிறவன், அந்தப் பெயர்கள் எழுதப்படும் அறையில் தனக்கும் ஓர் இருக்கை இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். இருந்தும் போகாதிருந்தால் குறை அவனுடையது. இல்லையென்றால், அவன் போராட்டம் தொடங்க வேண்டிய இடம் அந்த அறையின் வாசலே.