பக்கிங்காம் கவுண்டி ஆவணங்கள்

பக்கிங்காம் கவுண்டி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஊரகப் பகுதி. 1761 இல் உருவானது. தாமஸ் ஜெபர்சன் வரைந்த திட்டப்படி கட்டப்பட்ட இதன் நீதிமன்றம் 1869 இல் தீக்கிரையானது. உயில்கள், நிலப் பத்திரங்கள் எனப் பெரும்பாலான பழைய ஏடுகள் அழிந்தன.

வரிப் பதிவேடுகளின் படிகள் 1782 முதல் ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டதால், நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு அந்தத் தடமாவது மிஞ்சியது. அடிமைப்படுத்தப்பட்டோர் நிலை வேறு. 1850, 1860 கணக்கெடுப்புகளில் உரிமையாளர் பெயரின் கீழ் அவர்களின் வயது, பால், நிறம் மட்டுமே குறிக்கப்பட்டன. பெயர்கள் பெரும்பாலும் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும்தான் இருந்தன, எரிந்தவையும் அவையே. ஆகவே கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் வம்சாவளித் தேடல், விடுதலை பெற்றோரைப் பெயருடன் பதிந்த 1870 கணக்கெடுப்பைத் தாண்டுவது அரிது.

கறுப்பின வரலாற்றின் தந்தை எனப்படும் கார்ட்டர் வுட்சன் 1875 இல் இக்கவுண்டியின் நியூ கேன்டனில்தான் பிறந்தார். பெற்றோர் இருவரும் முன்பு அடிமைகளாக இருந்தவர்கள்.