தொடையும் அலகும்: வேட்டை அம்பைக் குறித்து

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடல் (152) தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்தது. ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, வாய் திறந்த புலியைச் சாய்த்து, புள்ளிமான் கலையை உருட்டி, பன்றியை ஊடுருவி, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் சென்று தைத்தது என்கிறார் புலவர். உயர்வு நவிற்சி என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மிகைப்படுத்துவதற்கும் ஓர் அடிப்படை வேண்டுமல்லவா? புலவர் எதனை மிகைப்படுத்தினார்? ஓரியின் தோள்வலியையா, கண்ணின் குறியையா, அல்லது அம்பையா?

விடைக்கான குறிப்பு பாடலிலேயே உள்ளது. அம்பைப் 'பகழி' என்று சொல்லும் புலவர், அதற்கு அடையாக வைப்பது 'தொடை'யின் சிறப்பை. தொடை என்பது நாணில் அம்பைத் தொடுத்தல். மோனை, எதுகை முதலிய தொடைகளை யாப்பில் பயிலும் நமக்கு இச்சொல் புதியதன்று. சொல்லோடு சொல் பொருந்தி நிற்பதே அங்கும் தொடை. நாணும் கோலும் பொருந்தும் இடத்தைப் புலவர் போற்றியது வெறும் அலங்காரமா, தொழில் அறிந்தவரின் சொல்லா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு விடைகாண இலக்கியத்தை விட்டுச் சற்று வெளியே சென்று, அம்பு பறக்கும் முறையைப் பார்க்க வேண்டும்.

அம்பு நேராகச் செல்வதற்குக் காரணம் அதன் வாலில் உள்ள இறகுகள். கோல் சற்றுச் சாய்ந்து பறந்தால், காற்று இறகுகளில் மோதி வாலைத் தள்ளி நேராக்கும். நுனியில் சிறிய கூர்முனை மட்டும் இருந்தால், முன்பக்கத்தில் காற்று பற்றிக்கொள்ள இடமில்லை. இறகுகள் எதிர்ப்பின்றித் தம் வேலையைச் செய்யும். வேட்டை அம்பு அப்படிப்பட்டதன்று. அதன் நுனியில் இலைபோல் விரிந்த கூரிய அலகு இருக்கிறது. அகன்ற வாயாக அறுத்து, விலங்கை விரைவில் வீழ்த்துவதற்காக அமைந்தது அது. அந்த அலகு நுனியில் பொருத்திய ஒரு சிறகைப் போல நடந்துகொள்ளும். கோல் ஓர் இம்மி சாய்ந்து புறப்பட்டாலும் அலகு காற்றைப் பற்றி அம்பைத் தன் போக்கில் இழுக்கும். பின்னால் இறகுகள் ஒரு திசையிலும் முன்னால் அலகு வேறு திசையிலும் திருப்ப முயலும். சாதாரண அம்பு மறைத்துவிடும் பிழைகளை எல்லாம் வேட்டை அம்பு வெளிப்படுத்திவிடுகிறது.

இந்த உண்மையை இன்று மிகத் தெளிவாகக் காட்டுவது காம்பவுண்ட் வில். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் இதற்குக் காப்புரிமை கோரி 1969இல் பெற்றார். வில்லின் இரு நுனிகளிலும் மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தியதே அவருடைய புதுமை. நாணை முழுதும் இழுத்த பின் விரல்கள் தாங்கவேண்டிய பளு பெருமளவு குறைந்துவிடுவதால், வில்லாளி பதற்றமின்றிக் குறிபார்க்க முடிகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. நமக்கு இது விளையாட்டு வில்தான். 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியர்களே வென்றனர். அவர்கள் எய்தது அலகில்லாத கூர்முனை அம்புகளை. ஆயினும் வேட்டை வழக்கில் உள்ள நாடுகளில் அலகு அம்புக்காக இவ்வில்லைச் சீர்செய்யும் முறை நம் கேள்விக்குப் பெரிதும் உதவுகிறது.

முதலில் இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் சுழன்று நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். அடுத்து அம்பை நாணில் தொடுக்கும் இடத்தின் உயரம். சுமார் இரண்டு மீட்டர் தொலைவில் சட்டத்தில் ஒரு தாளைக் கட்டி அதன் வழியே அம்பை எய்வார்கள். ஒரு வட்டத் துளையும் அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் மட்டும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. கிழிசலில் வால் மேலே விலகியிருந்தால் தொடுப்பிடம் உயர்ந்திருக்கலாம்; பக்கவாட்டில் விலகியிருந்தால் அம்பு தங்கும் தாங்கி இடம் தவறியிருக்கலாம். பின்னர் ஒவ்வோர் அலகு அம்பையும் நுனியை ஊன்றிச் சுழற்றிப் பார்ப்பார்கள். அலகு தள்ளாடினால் அது கோலின் அச்சில் பொருந்தவில்லை என்று பொருள். கடைசியாக இருபது, முப்பது மீட்டர் தொலைவிலிருந்து ஒரே குறியை நோக்கிக் கூர்முனை அம்புகளையும் அலகு அம்புகளையும் மாறிமாறி எய்வார்கள். அலகு அம்புகள் இடப்புறம் விலகித் தைத்தால் தாங்கியைச் சிறிது வலப்புறம் நகர்த்த வேண்டும். ஒரு முறைக்கு நகர்த்துவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இருவகை அம்புகளும் ஓரிடத்தில் தைக்கும்வரை இது தொடரும். இவ்வளவிலும் மாறுவது எய்பவரின் திறமை அன்று, தொடை மட்டுமே.

பழைய மரவில்லில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே கோல் வில்தண்டின் ஒரு பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. நாணோ தண்டின் நடுவை நோக்கிப் பாய்கிறது. எனவே அம்பு புறப்படும்போது வளைந்து நெளிந்து தண்டைச் சுற்றிக் கடந்து, அதன் பின்னரே நேராகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் அதிவேகப் படமெடுப்பின் மூலம் இதனைப் பதிவு செய்தார். கோல் வேண்டிய அளவு வளைய வேண்டும். மிகுந்தாலும் குறைந்தாலும் குறி தவறும். நுனியில் இரும்பின் எடை கூடினால் கோல் மேலும் வளையும். ஆகவே அலகை மாற்றும் வேட்டுவன் கோலையும் மாற்றியாக வேண்டும். இன்ன அலகுக்கு இன்ன கோல் என்று கையால் வளைத்துப் பார்த்தே அறியும் பயிற்சி இன்றி வேட்டை அம்பு செய்ய இயலாது.

இனி நம் சான்றுகளுக்குத் திரும்பலாம். புதுச்சேரியில் வாழும் நமக்குத் தொல்லியல் என்றால் அரிக்கமேடும், 1945இல் அங்கு அகழ்ந்த வீலரும் நினைவுக்கு வருவார்கள். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை அங்கு அகழாய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் கசால், நகரை அடுத்த முத்திரையர்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களின் பெருங்கற்கால ஈமக்காடுகளையும் ஆராய்ந்தார். ஈமத் தாழிகளோடு இரும்புக் கருவிகளை வைத்துப் புதைத்த மக்களின் நிலம் இது. தெற்கே ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ 1899 தொடங்கி நடத்திய அகழாய்வில் வாள், வேல் ஆகியவற்றுடன் இரும்பு அம்புமுனைகளும் கிடைத்தன. மேற்கே கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்ணுக்குள் எஞ்சுவது இரும்பு அலகு மட்டுமே. கோல் மக்கிவிட்டது, இறகு, நாண், பசை, கட்டு நூல் எதுவும் இல்லை. அதாவது அம்பின் போக்கைக் கலைக்கும் உறுப்பு மட்டும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனை நேராக்கிய உறுப்புகள் எல்லாம் அழிந்துபோயின. கண்ணாடிப் பெட்டிக்குள் துருவேறிய அலகைக் கண்டு 'இதுதான் பண்டைத் தமிழரின் அம்பு' என்று சொல்லும்போது அரைப் பொருளை முழுப் பொருளாகக் கொள்கிறோம். செங்கம் வட்டார நடுகற்களில் வில்லேந்திய வீரர்களைக் காண்கிறோம். கல் காட்டுவது வீரனைத்தான், தொழிலை அன்று.

அழிந்த அந்தப் பாதியை ஓரளவு காத்து வைத்திருப்பது இலக்கியம். புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை வருணிக்கும்போது, பீலி அணிந்து, காம்பு திருத்தி, நெய் பூசிய படைக்கலங்களைச் சொல்கிறார். அதியமானின் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றனவாம். வஞ்சப் புகழ்ச்சி என்று நாம் வகுப்பில் நடத்தும் இப்பாடலில், காம்பைத் திருத்துதலும் நெய்யிடுதலும் பட்டறைக்கு மீள்வதும் ஆகிய பராமரிப்பு முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன் என்று பொன்முடியார் (புறம் 312) தாய், தந்தை, வேந்தன் ஆகியோரின் கடன்களோடு ஒரே வரிசையில் வைக்கிறார். செம்மையான கணையையும் வளைந்த யாழையும் வள்ளுவர் எதிரெதிரே நிறுத்தும்போது (279), கணையின் வடிவ இலக்கணம் நேர்மை என்பது கேட்போர் அனைவரும் அறிந்தது என்றே கொள்கிறார். பெரியபுராணத்தில் திண்ணனாருக்கு வில் கற்பிக்குமுன் தந்தை நாகன் விழா எடுக்கிறான். வில்லுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். வீரனுக்கு முன்பே கருவி சிறப்பிக்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், வன்பரணரின் அடையை வெறும் அலங்காரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஓரம்பில் ஐந்து விலங்குகள் என்பது மிகை. ஆனால் அகன்ற அலகைத் தாங்கிய ஓர் அம்பு, பல உடல்களை ஊடுருவிய பின்னும் திசை மாறாமல் செல்வதற்குத் தொடை செம்மையாக இருக்க வேண்டும் என்பது மிகையன்று. எய்தவனின் பெயரைப் பாடல் காத்தது. அந்த அலகை வடித்த கொல்லனும், அதற்கேற்ற கோலைத் தேர்ந்து நெருப்பில் வாட்டி நேராக்கியவனும், இறகு கட்டியவனும் பெயரின்றிப் போனார்கள். அவர்களுடைய வேலைக்கு மிஞ்சிய சாட்சி அடையாக வந்த அந்தச் சிறு சொல்தான். புறப்பாடல்களைக் கற்பிக்கும் நாம் இத்தகைய அடைகளை 'சிறப்புப் பொருட்டு வந்தது' என்று ஒரு வரியில் கடந்துவிடாமல், அவற்றின் பின்னால் எந்தக் கைத்தொழில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், இலக்கியமும் தொல்லியலும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும்.