புறப்பரப்பு வேதியியல் நூல்கள்: மாணவருக்கா, ஆய்வாளருக்கா?

புறப்பரப்பு வேதியியல் நூல்களின் வரலாற்றை ஹெர்பர்ட் ஃபிராய்ண்ட்லிக் 1909இல் லைப்சிக் நகரில் வெளியிட்ட 'கப்பிலார்கெமி' என்ற ஜெர்மன் நூலிலிருந்து தொடங்கலாம். நுண்புழை நிகழ்வுகள், பரப்பு கவர்தல், கூழ்மங்கள் என ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்தில் திரட்டித் தந்த நூல் அது. 1926இல்தான் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. ஃபிராய்ண்ட்லிக்கின் பெயரால் வழங்கும் சமன்பாட்டின்படி, கரித்தூளின் மீது படியும் பொருளின் அளவு கரைசலின் செறிவின் ஏதோ ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த அடுக்கெண்ணைச் சோதனையிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அது ஏன் அந்த மதிப்பைப் பெறுகிறது என்று சொல்ல அன்று மூலக்கூறு அளவிலான விளக்கம் இல்லை. துறை அந்த நிலையில் இருந்தபோது ஆய்வாளர் நூல், மாணவர் நூல் என்ற பிரிவுக்கே இடமில்லை. திரட்டித் தந்த நூல் எதுவோ அதையே எல்லோரும் படித்தார்கள்.

மாணவருக்குக் கற்பிக்கத்தக்க எளிய சித்திரம் ஒன்று இர்விங் லாங்மியூரிடமிருந்து வந்தது. ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டங்ஸ்டன் விளக்குகளோடு வேலை செய்தவர் அவர். வெற்றிடக் குமிழுக்குள் வாயுக்கள் உலோக இழையிலும் கண்ணாடியிலும் எப்படி ஒட்டுகின்றன என்பது அவருக்குத் தொழிற்சாலைப் பிரச்சினையாகவே எதிர்ப்பட்டது. 1916 முதல் 1918 வரை அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரைகள் துறையின் முகத்தை மாற்றின. பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள் உள்ளன, ஓர் இடத்தில் ஒரு மூலக்கூறு மட்டுமே அமரும், எல்லா இடங்களும் ஒரே தரத்தவை, பக்கத்தில் அமர்ந்த மூலக்கூறு எதையும் மாற்றாது என்று கொண்டால், ஒட்டும் வேகமும் விடுபடும் வேகமும் சமமாகும் புள்ளியிலிருந்து சமன்பாடு நான்கே வரிகளில் வந்துவிடும். 1932இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அந்தச் சித்திரத்தை வகுப்பறைக்குக் கொண்டுவந்த முதல் தலைமுறை நூல்கள் இங்கிலாந்தில் எழுந்தன. கேம்பிரிட்ஜின் எரிக் ரைடியல் 1926இல் ஓர் அறிமுக நூல் எழுதினார். 1930இல் என். கே. ஆடம் எழுதிய 'தி ஃபிசிக்ஸ் அண்ட் கெமிஸ்ட்ரி ஆஃப் சர்ஃபேசஸ்' வெளிவந்தது. ஆடம் நீர்ப்பரப்பில் மிதக்கும் ஒற்றை மூலக்கூறு அடுக்குகளைத் தம் கையால் ஆராய்ந்தவர். அந்த அனுபவம் நூலில் தெரிகிறது. இன்று படித்தாலும் கணக்கைவிட நிகழ்வே முன்னால் நிற்கும். அது மாணவருக்கு நன்மை.

ஆடம் விவரித்த சோதனை முறையின் வேர் பிரௌன்ஷ்வைக் நகரின் ஒரு சமையலறையில் இருக்கிறது. பல்கலைக்கழகப் படிப்புக்கு வாய்ப்பில்லாமல் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ், ஒரு தகரத் தொட்டியில் விளிம்புவரை நீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினார். பட்டையின் ஒரு பக்கத்தில் எண்ணெய்ப் படலம் நெருங்க நெருங்கப் பரப்பு இழுவிசை எப்படி மாறுகிறது என்பதை, நீர்ப்பரப்பைத் தொடும் சிறு தட்டு ஒன்றைத் தராசில் கட்டித் தூக்கி அளந்தார். படலம் ஓர் அளவுக்கு விரிந்திருக்கும்வரை இழுவிசை அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் நெருக்கினால் சட்டென்று குறையத் தொடங்குகிறது. 1891இல் அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் ராலேயின் பரிந்துரையால் 'நேச்சர்' இதழில் அச்சேறியது. லாங்மியூர் 1917இல் செம்மைப்படுத்திய படலத் தராசு இந்தத் தொட்டியின் வழிவந்ததே. ஒரு நூல் இந்தத் தொட்டியை எப்படிக் காட்டுகிறது என்பதைக் கொண்டே அதன் வாசகரைச் சொல்லிவிடலாம். பட்டை, தட்டு, தராசு எல்லாம் கண்முன் வரும்படி விளக்கினால் அது மாணவருக்கான நூல். அழுத்தம்–பரப்பு வளைகோட்டை மட்டும் போட்டுவிட்டு நிலை மாற்றங்களுக்குப் போனால், தொட்டியை முன்பே பார்த்தவருக்கானது.

1938இல் புருனௌர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவர் லாங்மியூரின் ஒற்றை அடுக்கைப் பல அடுக்குகளுக்கு விரித்தனர். அவர்களின் பெயர் முதலெழுத்துகளால் பிஇடி எனப்படும் சமன்பாடு, தூள் வடிவ வினைவேகமாற்றியின் ஒரு கிராமில் எத்தனை சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது என்று சொல்லும் கருவியாயிற்று. அம்மோனியா தயாரிப்பின் இரும்பு வினைவேகமாற்றிகள் அந்தத் தேவையின் பின்னணியில் இருந்தன. கூழ்மம், வினைவேகமாற்றம், நுண்துளைப் பொருள்கள் என்று துறை கிளைவிட்டது. ஒருவர் எழுதும் ஒரு நூலில் அனைத்தையும் அடக்குவது கடினமாயிற்று.

அந்தக் கடினமான வேலையை மேற்கொண்டவர் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஆடம்சன். அவருடைய 'ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி ஆஃப் சர்ஃபேசஸ்' 1960இல் வெளிவந்தது. ஆறாம் பதிப்பு 1997இல், ஆலிஸ் காஸ்ட்டும் இணையாசிரியராகச் சேர்ந்த பிறகு வந்தது. மாணவர் நூலா, ஆய்வாளர் நூலா என்ற கேள்வி வேறெந்த நூலையும்விட இதையே அதிகம் சூழ்ந்து நிற்கிறது. காரணம் நூலின் அமைப்பிலேயே உள்ளது. ஒவ்வொரு இயலின் முடிவிலும் கணக்குகள் உண்டு. அவை வெறும் எண் பொருத்தும் கணக்குகள் அல்ல. சோதனைத் தரவைக் கொடுத்து முடிவுக்கு வரச் சொல்பவை. அது பாடநூலின் அடையாளம். அதே இயலின் இறுதியில் மூலக் கட்டுரைகளின் நீண்ட பட்டியலும் உண்டு. அது ஆய்வாளர் கைநூலின் அடையாளம். நுண்புழை உயர்வில் தொடங்கி, நீர்ப்படலங்கள், மின் இரட்டை அடுக்கு, தொடுகோணம், உராய்வும் உயவும், நுரை, பால்மம் எனச் சென்று வாயு பரப்பு கவர்தலில் முடியும் அந்த விரிவை ஓர் ஆண்டுப் பாடத்தில் முடிக்க இயலாது.

பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நூல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரியும். பிந்தைய பதிப்புகளில் திண்மப் பரப்பை ஆராயும் கருவிகளுக்கென ஓர் அட்டவணை பக்கம் பக்கமாக நீள்கிறது. லீட், எக்ஸ்பிஎஸ், எஸ்டிஎம் என்று எழுத்துச் சுருக்கங்கள் அணிவகுக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகளே இடம். ஏற்கெனவே அந்தக் கருவிகளில் ஒன்றைக் கையாள்பவருக்கு அது மிகப் பயனுள்ள வரைபடம். முதன்முறை படிப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. 1985இல் அமெரிக்க வேதியியல் சங்கம் 'லாங்மியூர்' என்ற ஆய்விதழைத் தொடங்கியபோது ஆடம்சனே அதன் முதல் ஆசிரியர் ஆனார். துறையின் புதுக் கட்டுரைகள் அனைத்தும் தம் கண்முன் கடந்துபோன ஒருவர் நூலைப் புதுப்பிக்கும்போது அது தடிப்பது இயல்பே. முதல் நான்கு இயல்களையும் தொடுகோண இயலையும் மட்டும் எடுத்துக்கொண்டால், முதுநிலை மாணவருக்கு இதைவிட நல்ல நூல் அரிது. முழு நூலையும் பாடநூலாக வைப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

இதே காலத்தில் துறையின் இன்னொரு கிளை வெற்றிடக் கலங்களுக்குள் வளர்ந்தது. ஒரு டாரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில்கூட, சுத்தமான உலோகப் பரப்பு ஏறத்தாழ ஒரு விநாடியில் வாயு மூலக்கூறுகளால் மூடப்பட்டுவிடும். அழுத்தத்தை மேலும் பத்தாயிரம் மடங்கு குறைத்தால்தான் சில மணி நேரம் கிடைக்கும். 1960களில் அத்தகைய மீயுயர் வெற்றிடம் சாதாரண ஆய்வுக்கூடங்களுக்கும் எட்டியது. ஒரே படிகத்தின் ஒரே முகத்தை அணு அணுவாக ஆராய முடிந்தது. பெர்க்லியில் காபர் சோமோர்ஜாய் பிளாட்டினப் படிகங்களின் படிக்கட்டு போன்ற விளிம்புகளே வினையைத் தூண்டுகின்றன என்று காட்டினார். பரப்பின் எல்லா இடங்களும் ஒரே தரத்தவை அல்ல, சில மையங்களே செயல்படுகின்றன என்று ஹியூ டெய்லர் 1925லேயே கூறியிருந்ததற்கு அணு அளவில் சான்று கிடைத்தது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் எர்ட்ல், இரும்பின் மீது அம்மோனியா உருவாகும் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 2007இன் நோபல் பரிசு அவருக்கு.

இந்தக் கிளையின் நூல்களில் பெயர் ஏமாற்றும். சோமோர்ஜாய் 1994இல் வெளியிட்ட 'இன்ட்ரடக்‌ஷன் டு சர்ஃபேஸ் கெமிஸ்ட்ரி அண்ட் கேட்டலிசிஸ்' தலைப்பில் அறிமுகம். உள்ளே தரவு அட்டவணைகளும் மேற்கோள்களும் நிறைந்த களஞ்சியம். வினைவேகமாற்றியில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர் மேசையில் அது இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஆண்ட்ரூ ஜாங்வில் 1988இல் எழுதிய 'ஃபிசிக்ஸ் அட் சர்ஃபேசஸ்' கடினமான கணிதம் கொண்டது என்றாலும் உண்மையான பாடநூல். வெறும் பரப்பு முதலில், அதன்மேல் படிந்தவை பிறகு என்று ஒழுங்காக ஏறுகிறது. கடினமான நூல் ஆய்வாளருக்கு, எளிய நூல் மாணவருக்கு என்று பிரிப்பது இந்த இரண்டு நூல்களிடமும் தோற்றுப்போகிறது.

நூலை எடைபோட நம்பகமான வழி, அது பிஇடி சமன்பாட்டை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது. மாணவர் நூல் பின்வருமாறு போகும்: 77 கெல்வினில் நைட்ரஜனைத் தூளின் மேல் படியவிடு; சார்பழுத்தம் 0.05 முதல் 0.3 வரையான பகுதியில் நேர்கோடு வரை. சாய்விலிருந்தும் வெட்டுத்துண்டிலிருந்தும் ஒற்றை அடுக்குக்குத் தேவையான கனஅளவைக் கணக்கிடு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டரை மறைக்கும் என்று கொண்டால், திட்ட நிலையில் ஒரு கன சென்டிமீட்டர் வாயு ஒற்றை அடுக்காகப் பரவும் பரப்பு 4.35 சதுர மீட்டர். கணக்கு முடிந்தது, மாணவருக்கு இந்தத் தெளிவு அவசியம். ஆய்வாளர் நூல் இதற்கு அடுத்த அடியை வைக்க வேண்டும். அந்த 0.162 எங்கிருந்து வந்தது? நைட்ரஜன் மூலக்கூறுக்கு நான்முனைத் திருப்புத்திறன் உண்டு. பரப்பில் முனைவுள்ள தொகுதிகள் இருந்தால் அது படுக்கும் திசை மாறும். பரப்பளவில் 20 சதவீதம் வரை ஐயம் புகும். நுண்துளைகள் நிறைந்த கார்பனில் வழக்கமான அழுத்தப் பகுதியையே எடுத்தால் வெட்டுத்துண்டு எதிர்க்குறியாகி, பிஇடி சமன்பாட்டின் மாறிலிக்குப் பொருளே இல்லாமல் போகும். பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1985இல் வெளியிட்ட அறிக்கையும் 2015இல் வெளியிட்ட விரிவான அறிக்கையும் இந்தத் தவறுகளைத் தடுக்கவே எழுந்தன. நுண்துளைப் பொருள்களுக்கு 87 கெல்வினில் ஆர்கானைப் பரிந்துரைப்பது பிந்தைய அறிக்கை.

1960களுக்குப் பின் மாணவரைக் குறிவைத்தே எழுதப்பட்ட நூல்களும் வந்தன. டங்கன் ஷா 1966இல் எழுதிய கூழ்மம்–புறப்பரப்பு அறிமுகம் மெலிதானது, சமநிலையானது. பால் ஹீமென்ஸ் 1977இல் எழுதியது வருவிப்புகளைப் பொறுமையாக விரித்துச் சொல்வது. ஆக்ஸ்ஃபோர்ட் வரிசையில் அட்டார்டும் பார்ன்ஸும் 1998இல் எழுதிய 'சர்ஃபேசஸ்' நூறு பக்கங்களுக்குள் வெற்றிடக் கிளையின் அடிப்படைகளை முடித்துவிடுகிறது.

தமிழ்நாட்டு மாணவர் இந்தத் துறையை முதலில் சந்திப்பது பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலின் இரண்டாம் தொகுதியில். இயற்புறப்பரப்பு கவர்தல், வேதிப்புறப்பரப்பு கவர்தல், ஃபிராய்ண்ட்லிக் சமன்பாடு, கூழ்மங்கள் அதில் உள்ளன. அங்கிருந்து நேராக ஆடம்சனுக்குத் தாவச் சொல்வது தவறு. இளநிலையில் ஷாவோ அட்டார்ட்–பார்ன்ஸோ, முதுநிலையில் ஹீமென்ஸும் ஆடம்சனின் தேர்ந்த இயல்களும், ஆய்வில் இறங்கியபின் ஆடம்சன் முழுவதும் அல்லது சோமோர்ஜாய் என்ற வரிசையே பொருந்தும். ஆடம்சனின் கடைசிப் பதிப்பு 1997ஆம் ஆண்டுக்குரியது. ஆகவே நுண்துளைப் பொருளின் பரப்பை அளந்து கட்டுரை எழுதப் போகும் ஆய்வு மாணவர், எந்த நூலை வைத்திருந்தாலும், 2015 அறிக்கையையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.